கழிப்பறைத் திறப்பும் ஜப்பான் கல்விப் பயணமும்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வெகுகாலமாக ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளை மன்னிப்பேன், அது சம்பளத்தில் சேர்ந்தது. பெரியவர்களை மன்னிப்பதற்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. பெருந்தன்மையான கதைதான் வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளியை நடத்துவது பம்பாய்த் தென்னவர் கல்விப் பேரவை. ஊர் மும்பையாகி எத்தனையோ காலம் ஆயிற்று. பேரவையின் பெயர்ப்பலகையை மாற்றினால் அதற்கொரு திறப்பு விழா நடத்த வேண்டும், விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைக்க வேண்டும். அதனால் இன்னும் பம்பாய்தான். பேரவையின் அலுவலகம் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், நல்ல காபி கிடைக்கும் ஹோட்டலுக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கிருந்து பள்ளிக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் நிர்வாகிகள் கொடியேற்ற மட்டும்தான் வருவார்கள், அதுவும் மூக்கில் கைக்குட்டையோடு.

தலைவர் பிரம்மநாயகம். செம்பூரில் பெயிண்டுக் கடை, திலக் நகரில் வீடு. அவருக்கு மூன்று மொழிகள். நின்றுகொண்டு பேசினால் செந்தமிழ், உட்கார்ந்தால் திருநெல்வேலித் தமிழ், கோபம் வந்தால் இந்தி. செயலாளர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காவாசி, ஏதோ பெரிய ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தியை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பழைய கழிப்பறை இருந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். டைல்ஸ், வாஷ்பேசின், எல்லாம் முதல்தரம். ‘அன்னை பூவம்மாள் நினைவு மகளிர் சுகாதார வளாகம்’ என்று தலைவர் தம் தாயார் பெயரை வைத்தார். கட்டி முடித்த அன்றே பூட்டிவிட்டார்கள். திறப்பு விழா நடக்காமல் உபயோகிக்கக் கூடாதாம்.

திறந்து வைக்க ஒரு மந்திரியைக் கேட்டார்கள். அவர் பெயரைக் கருங்கல்லில் வெட்டிய வாரத்தில் அவர் பதவி போயிற்று. அடுத்தவர் பெயரை வெட்டினார்கள்; அவர் கட்சி மாறினார். அவர் போன பக்கம் பொருளாளருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாமவர் தேதி கொடுத்தார், தேர்தல் அறிவிப்பு வந்து விழா நடத்தத் தடையாகிவிட்டது. கல்வெட்டுக்கு மட்டும் மஞ்சள் பட்டு போர்த்தி, அது வெளுக்க வெளுக்க மாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்படி இரண்டு வருடம் ஓடியது.

இந்த இரண்டு வருடமும் எங்கள் பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எந்த நிர்வாகியும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். போகவில்லை. காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குடித்தார்கள். முடியாதவர்கள் இடைவேளையில் ரோட்டோரக் கட்டணக் கழிப்பறைக்கு ஓடி, வரிசையில் நின்று, அடுத்த பீரியடுக்குத் தாமதமாக வந்து திட்டு வாங்கினார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பரீஹா என்று ஒரு பெண். இந்த வட்டாரத்தில் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கிற பிள்ளைகளே அபூர்வம். அவள் செய்தித்தாளையே சத்தம்போட்டுப் படித்துக் காட்டுவாள். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். இரண்டாம் முறையும் வந்தபோது அவள் வாப்பா ஜெயினுலாப்தீன் பள்ளிக்கு வந்தார். தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருப்பவர். சத்தமே போடவில்லை.

“டீச்சர், ஒங்க மேல எனக்கு ஒரு குறையும் கெடயாது. ஆனா டாக்டர் என்னைய ஏசுதாரு. புள்ளைக்கு கிட்னி கெட்டுப் போவுமாம். இந்த வருசம் எப்பிடியோ ஓட்டிருதேன். ஜூன்ல அந்தப் பூட்டு தொறக்கலன்னா பத்தாங்கிளாஸுக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுல இருக்கட்டும், பை தைக்கட்டும்.”

அன்று முதல் இடைவேளைகளில் ஆசிரியர் கழிப்பறையைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டேன். அந்த வாரமே மாட்டுங்காவுக்கு அழைத்து மெமோ கொடுத்தார்கள். ஆசிரியப் பணியின் மாண்பைக் குலைத்தேனாம். செயலாளர் விளக்கமாகவே சொன்னார்.

“ரூல்னா ரூல்தாம்மா. இன்னிக்கு பாத்ரூம் தொறந்து விடுவே. நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஃபேன் போட்டுண்டு படுத்துக்கறேம்பா. எங்கே போய் நிக்கும் இது?”

“பொண்ணுக்கு காய்ச்சல் சார்.”

“ஃபீவர் ஈஸ் எ மெடிக்கல் மேட்டர். பாத்ரூம் அட்மினிஸ்ட்ரேடிவ் மேட்டர். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே.”

தலைவர் உட்கார்ந்திருந்ததால் திருநெல்வேலித் தமிழில் பேசினார். “டீச்சர், எங்க அம்ம பேருல கட்டுனது. அத ஒரு மந்திரி கையால தொறக்கணும்னு நெனைக்கது தப்பா? அவ ஆத்துமா சாந்தி அடையாண்டாமா?”

அம்மையாரின் ஆன்மாவுக்காக பரீஹாவின் கிட்னி காத்திருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். என்னிடமிருந்த ஆசிரியர் கழிப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி நடந்து வரும்போது கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் இவர்களை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஜப்பானிலிருந்து வந்தது.

அங்கே ஒரு சிற்றூரின் கல்விப் பரிமாற்றச் சங்கம், இந்தியப் பள்ளி நிர்வாகிகளைத் தீபாவளி விடுமுறையில் தங்கள் பள்ளியைப் பார்க்க அழைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: குழுவில் ஒருவராவது வகுப்பில் பாடம் நடத்துபவராக இருக்க வேண்டும். பேரவை நிர்வாகிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஆள் யாரும் அவர்களிடம் இல்லை. ஆசிரியர்களில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். ஷார்ஜாவில் இருக்கும் அக்காவைப் பார்க்க எடுத்தது. மெமோ வாங்கியவளைக் கூட்டிப் போகலாமா என்று செயலாளர் தயங்கினார். “பொன்னாடைப் பெட்டியத் தூக்க ஒரு ஆளு வேணும்லா” என்று தலைவர் முடித்து வைத்தார்.

பொன்னாடை இல்லாமல் பேரவை எங்கேயும் போகாது. தாதரில் மொத்தமாக வாங்கி ஒரு பெரிய பெட்டி நிறைய அடைத்திருந்தார்கள். ஜப்பானில் நான் பார்த்தவற்றில் பாதி, அந்தப் பெட்டியின் கைப்பிடிக்கு மேலாகப் பார்த்ததுதான்.

ரயிலிலிருந்து இறங்கியதும் முதல் பொன்னாடை செலவாயிற்று. ஸ்டேஷன் வாசலில் கோட்டு, டை, தொப்பி, வெள்ளைக் கையுறை சகிதம் ஒருவர் நின்று இடுப்பை வளைத்து வணங்கினார். தலைவர் என் பக்கம் கையை நீட்டினார். பெட்டியைத் திறந்து கொடுத்தேன். “ஜப்பானியக் கல்வியின் கலங்கரை விளக்கமே!” என்று போர்த்தினார். அவர் மறுபடி வணங்கினார். பதிலுக்குத் தலைவர் வணங்கினார். அவர் இன்னும் கீழே வணங்கினார். இது எங்கே முடியும் என்று நான் கவலைப்பட ஆரம்பித்தபோது, அவர் போய் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். போட்டதைக் கழற்றினால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, பள்ளி வரைக்கும் ஜரிகைப் பொன்னாடையோடுதான் வண்டி ஓட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் ஹரூக்கா என்ற இளம்பெண். தஞ்சாவூரில் தங்கித் தமிழ் படித்தவள். புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவாள். “வணக்கம். தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?” என்று அவள் கேட்டதும் தலைவர் நின்ற இடத்தில் சிலிர்த்துப்போனார். தம்முடைய செந்தமிழுக்குச் செந்தமிழிலேயே பதில் சொல்லும் ஆளை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார்.

பள்ளியில் நுழைந்தபோது பிள்ளைகள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் கொஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து பள்ளியைச் சுத்தம் செய்வது அங்கே வழக்கமாம். நடையில் கழுத்தில் துண்டும், முழங்கால் நனைந்த டிராக் சூட்டுமாக ஒருவர் வாளியோடு வந்தார். தலைவர் தம் ஷூக்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் இரு கைகளாலும் வாங்கி, அலமாரியில் அழகாக அடுக்கி வைத்தார்.

“இவர்தான் எங்கள் தலைமையாசிரியர் திரு. ஓகாவா அவர்கள்” என்றாள் ஹரூக்கா. “மாணவர் கழிப்பறையைக் கழுவிவிட்டு வருகிறார்.”

தலைவர் அவசரமாக இரண்டு பொன்னாடைகள் போர்த்தினார்.

வரவேற்பு நிகழ்ச்சிக்குமுன் தலைவர் ஒரு நடை கழிப்பறைக்குப் போய்வந்தார். அங்கே கழிப்பறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளத் தனியாகச் செருப்பு வைத்திருப்பார்கள். வெளியே வரும்போது கழற்றிவிட வேண்டும். தலைவர் கழற்றவில்லை. கழிப்பறை என்று ஜப்பானியக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பழுப்புச் செருப்போடு மேடையேறி, காலை நீட்டி உட்கார்ந்தார். கீழே அத்தனை பிள்ளைகளும் அந்தக் கால்களையே பார்த்தார்கள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் கல்விமுறையே மேல்.

தலைவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அப்புறம் அவர் மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த ஜப்பானியப் பெருமக்களே! தங்கள் பள்ளியைத் தாங்களே தூய்மை செய்யும் காட்சி கண்டு என் உள்ளம் பூரித்தது. ஆயினும் துடைப்பம் எமக்குப் புதிதன்று! யான் பேரவையின் தலைவன். பல நிறுவனங்களின் அதிபன். எனினும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில், எம் பள்ளி மகளிர் கழிப்பறையை இதோ, இந்த இரு கரங்களால் கழுவிவிட்டே பச்சைத் தண்ணீர் பருகுவேன்! அது என் அன்னையின் பெயர் தாங்கிய கழிப்பறை. அதைக் கழுவும்போது என் அன்னையின் பாதங்களைக் கழுவுவதாகவே உணர்கிறேன்!”

செயலாளர் கைதட்டினார். மற்ற நிர்வாகிகளும் தட்டினார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுங்கா மேடைகளில் இதைப்போல ஆயிரம் கேட்டிருக்கிறோம். ‘உயிரைக் கொடுப்பேன்’ என்பார்கள். சந்தாவைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். மேடையில் சொல்வது மேடையோடு சரி என்பது பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. தஞ்சாவூரில் ஹரூக்காவுக்கு இலக்கணம் எல்லாம் கற்றுக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள்.

அவள் ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தாள். ஓகாவா சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினார். பிறகு எழுந்து தலைவரை நோக்கி ஆழமாகத் தலைவணங்கினார். ஆசிரியர்கள் அத்தனை பேரும் எழுந்து வணங்கினார்கள். ஓகாவாவின் கண்கள் கலங்கியிருந்தன.

“தலைமையாசிரியர் அவர்கள் ஒன்று அறிய விரும்புகிறார்” என்றாள் ஹரூக்கா. “தலைவர் அவர்கள் எவ்வகைத் தூரிகையைப் பயன்படுத்துகிறார்?”

தலைவர் என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு வருடமாக மந்திரிகளாலும், மனுக்களாலும், ஒரு பிள்ளையின் காய்ச்சலாலும் அசையாத பூட்டுக்குச் சாவி இங்கே தானாக வந்து என் கையில் விழுகிறது. நான் எழுந்தேன்.

“தேங்காய் நார்” என்றேன். “பிரஷ் அவருக்குப் பிடிக்காது. கைதான் திருப்தி என்பார்.”

ஓகாவா எழுதிக்கொண்டார். “மூலைகளை எப்படி?”

“முட்டிபோட்டு. மூலையில் அழுக்கு இருந்தால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.”

தலைவர் அடக்கமாகக் கண்களை மூடிக்கொண்டார். புகழ்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறவர் அவர்.

“வசந்த விடுமுறையில் நாங்கள் மும்பைக்கு வந்து, ஒரு சனிக்கிழமை, தலைவர் அவர்களோடு சேர்ந்து கழுவும் பேறு கிட்டுமா?” என்று ஹரூக்கா கேட்டாள்.

“வாருங்கள்!” என்று தலைவர் இரு கைகளையும் விரித்தார். “எமது இல்லம் உமது இல்லம்! எமது கழிப்பறை உமது கழிப்பறை!”

ஒசாகாவுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்ததும் தலைவர் கேட்டார். “டீச்சர், நம்ம பேச்சு எப்பிடி இருந்துச்சு? அந்த மனுசன் கண்ணுல தண்ணியே வந்துட்டு, பாத்தியளா?”

“பார்த்தேன் சார். உங்க பேச்சு வீண்போகாது.”

மும்பைக்குத் திரும்பியதும், ஜப்பானுக்குப் போய்வந்ததற்காகப் பேரவை தன்னைத் தானே பாராட்டி ஒரு விழா எடுத்தது. தலைவருக்கு ‘கிழக்கை வென்ற கல்விக் கோமான்’ என்று பட்டம். நேரந்தவறாமையே ஜப்பான் கற்றுத்தந்த முதல் பாடம் என்று செயலாளர் பேசினார். ஆறு மணி விழாவில் அவர் அதைப் பேசியபோது எட்டு ஆகியிருந்தது. ஜப்பானியப் பள்ளிகளின் சுத்தத்தை ஆராய ஓர் உபகுழு போட்டார்கள். உபகுழுவின் திறப்பு விழாவுக்கு ஒரு மந்திரியைக் கேட்பது என்று தீர்மானித்தார்கள். தலைவர் மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டினார்கள். செருப்பின் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ஜப்பானிய எழுத்து தெரிந்த யாராவது அந்த மாடியேறினால் நல்லது.

விழா முடிந்து, போர்த்த எடுத்த பொன்னாடைகளை நான் மடித்துக்கொண்டிருந்தபோது செயலாளரிடம் கேட்டேன். “சார், கழிப்பறை எப்போ தொறப்பீங்க?”

“அஜெண்டாவுல இல்லையேம்மா. ஜப்பானெல்லாம் பாத்துட்டு வந்தும் நீ பாத்ரூமையே புடிச்சுண்டு நிக்கறயே!”

தை பிறந்ததும் ஹரூக்காவின் மெயில் வந்தது. குழு ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் எனக்குத்தான் வந்தது. ஆங்கில மெயில் எழுதும் சிறுமையான வேலையை நிர்வாகிகள் யாரும் ஏற்கவில்லை. ஓகாவாவும் ஆசிரியர்கள் சிலரும் மார்ச் கடைசியில் வருகிறார்கள். சனிக்கிழமை காலை தலைவரோடு கழுவ வேண்டும். வேறு எந்த நிகழ்ச்சியும் வேண்டாம்.

மாட்டுங்காவுக்குப் போனேன். “சார், ஜப்பான்காரங்க வர்றாங்க. பூவம்மாள் வளாகத்துக்கு அவங்களே வரணும்னு கேக்கறாங்க.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். தலைவர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“ஃபாரின் சீஃப் கெஸ்ட்டா?” என்றார் செயலாளர்.

“அம்ம பேருல கட்டுனத வெளிநாட்டுக்காரன் தொறக்கானா?” தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மந்திரி என்னவே மந்திரி, சாலே லோக்! நேஷனல் பேப்பர்ல போட்டோ வரும்வே!”

“தலைவரோட சேர்ந்து கலந்துக்கணும்னு ரொம்ப ஆசையாம் சார்” என்றேன்.

“கலந்துக்கிடட்டும், கலந்துக்கிடட்டும்!”

எதில் கலந்துகொள்வது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

சனிக்கிழமை. தெருவை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நாதஸ்வரம், வாழைமரம், ஒரு லாரி நாற்காலி. கல்வெட்டில் மந்திரிகளின் பெயர்களைச் செதுக்கித் தள்ளியதில் பள்ளமாகிவிட்ட இடத்தில் சிமெண்டு பூசி ‘ஓகாவா’ என்று எழுதியிருந்தார்கள். பெற்றோர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய் அழைத்திருந்தேன். தலைவர் பட்டு ஜிப்பா, பட்டு வேட்டியில் மணத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிர்வாகிகளும் அப்படியே.

ஜப்பானியர்கள் வேன்களிலிருந்து இறங்கினார்கள். டிராக் சூட்டு, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. ஆளுக்கொரு வாளி. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இவுஹ ஏன் இப்பிடி வந்திருக்காவ?” என்று தலைவர் என்னிடம் முணுமுணுத்தார்.

“அவங்க ஊர் விழா உடுப்பா இருக்கும் சார்.”

ஹரூக்கா மைக்கை வாங்கினாள். “பெரியோர்களே! தலைவர் அவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இம்மகளிர் கழிப்பறையைத் தம் கரங்களால் கழுவிய பின்னரே நீர் அருந்துகிறார் என்பதை எங்கள் மண்ணில் அறிந்தோம். இன்று அவரோடு கழுவ வந்துள்ளோம்.”

பந்தலில் எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு தாய் சிரித்தாள். அது முன்வரிசை வரை வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போன்கள் எல்லாம் மேலே உயர்ந்தன.

ஓகாவா ஒரு நீல ஏப்ரனை எடுத்து விரித்தார். ‘திரு. பிரம்மநாயகம்’ என்று தமிழில் பூத்தையல் போட்டிருந்தது. பொன்னாடை போர்த்துவதுபோல இரு கைகளாலும் தலைவருக்குப் போட்டு முடிச்சிட்டார். நிர்வாகிகளுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். செயலாளர் நழுவப் பார்த்தார். இரண்டு ஆசிரியைகள் அன்போடு மறித்துக் கட்டிவிட்டார்கள்.

“தலைவருக்கு ஜாயின்ட் பெய்ன்! முட்டி மடங்காது!” என்று செயலாளர் கத்தினார். ஹரூக்கா மொழிபெயர்த்தாள். ஓகாவா ஓடிப்போய் வேனிலிருந்து முட்டிக்கு வைக்கும் ரப்பர் திண்டு எடுத்துவந்தார். எனக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது.

சாவி யாரிடமும் இல்லை. இருந்தாலும் பிரயோஜனமில்லை, பூட்டு துருவேறிக் கட்டியாகியிருந்தது. ஜெயினுலாப்தீன் கூட்டத்திலிருந்து வந்தார். பட்டறைச் சுத்தியலால் நாலு போடு போட்டார். ஒவ்வொரு போட்டுக்கும் தலைவர் கண் சிமிட்டினார். பூட்டு விழுந்தது.

கதவைத் திறந்ததும் புறாக்கள் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்தன. வென்டிலேட்டர் கண்ணாடி உடைந்து இரண்டு வருடமாக அங்கே குடும்பம் நடத்தியிருக்கின்றன. திறப்பு விழாவுக்குக் காத்திராதவை அவை மட்டும்தான். முதல்தர டைல்ஸ் எதுவும் தெரியவில்லை. சுவர், தொட்டி, வாஷ்பேசின், அன்னை பூவம்மாளின் பளிங்குப் படம், எல்லாவற்றின் மேலும் வெள்ளையும் சாம்பலுமாக அடை அடையாக எச்சம். நாற்றம் முதல் வரிசை நாற்காலிகளை எழுப்பிவிட்டது.

ஓகாவா உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குறிப்பேட்டை எடுத்து எதையோ பார்த்துவிட்டு மூடினார். பிறகு ஹரூக்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

“தலைவர் அவர்கள் எங்களுக்காகவே இவ்வளவு வேலையை மிச்சம் வைத்திருக்கிறார், மிக்க நன்றி என்கிறார்” என்றாள் ஹரூக்கா. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்தப் பெண் அன்றைக்கு மேடைத்தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

தலைவருக்குத் தேங்காய் நாரை நானே கொடுத்தேன். புதுசாக வாங்கி வைத்திருந்தேன்.

கழுவினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, திண்டின் மேல் முட்டிபோட்டு, அம்மாவின் படத்திலிருந்து ஆரம்பித்தார். பக்கத்தில் ஓகாவா அதே மாதிரி முட்டிபோட்டுத் தேய்த்தார். செயலாளர் தண்ணீர் சுமந்தார். இது எந்த மேட்டர் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. வெளியே கூட்டம் கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் தொங்கிற்று. தலைவர் நிமிரும்போதெல்லாம் நான் வாசலில் நின்றேன்.

“மூலை சார்.”

தேய்த்தார்.

“அந்த மூலையும் சார். சாப்பாடு இறங்காதே உங்களுக்கு.”

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை. “கமீனி” என்று இந்தியில் திட்டிப் பல்லைக் கடித்தார். அப்புறம் குரலை இறக்கி, “ஏம்மா, இது எல்லாம் நீ செஞ்ச வேலதான?” என்றார்.

“நீங்க பேசினது சார். நான் சும்மா கூட இருந்தேன்.”

ஒரு நொடி, பாவம் என்று தோன்றியது. வயதானவர், மூச்சு வாங்குகிறது. அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பரீஹாவின் உலர்ந்த உதடு ஞாபகம் வந்தது. இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

ஜப்பானியர்கள் போகும்போது ஓகாவா தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு வேண்டுகோள் வைத்தார். இனி மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே அவரும் இங்கே இவரும் ஒரே நேரத்தில், வீடியோவில் ஒருவரையொருவர் பார்த்தபடி கழுவ வேண்டும். இரு பள்ளிகளின் நட்புக்கு அதுவே அடையாளம். சுற்றிலும் நிருபர்கள் நின்றார்கள். தலைவர் நின்றுகொண்டிருந்தார், அதனால் செந்தமிழில் ஒப்புக்கொண்டார். நிற்கும்போது மறுக்கத் தெரியாத மனிதர்.

வரத்தான் செய்கிறார். ஒரு முறை முட்டிவலி என்று சொல்லியனுப்பினார். ‘தலைவர் அவர்கள் நலமா? நாங்கள் வந்து பார்க்கலாமா?’ என்று ஹரூக்காவிடமிருந்து உடனே மெயில் வந்தது. அடுத்த மாதம் தவறாமல் வந்துவிட்டார். பத்திரிகையில் படம் வந்துவிட்டதால் பூட்டவும் முடியாது. பேரவையில் தீர்மானம் போட்டுப் பார்த்தார்கள். எதை எதிர்த்துத் தீர்மானம் போடுவதென்று தெரியாமல் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்புக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் வைத்திருந்தேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வீடியோவெல்லாம் முடிந்து, தலைவர் தரையைக் கடைசியாக அலசிக்கொண்டிருந்தார். பரீஹா வகுப்பிலிருந்து எழுந்துபோய்க் கழிப்பறை வாசலில் நின்றாள். இவர் யார், தலைவரா பேரவையா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

“தாத்தா, இன்னும் முடியலையா? ஜல்தி. எனக்கு அவசரம்.”

இரண்டு வருடம் அவளைக் காக்க வைத்தவர் திரும்பிப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து அவளுக்கு வழி விட்டார். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவர் வாளியோடு வெயிலில் நின்றார். உள்ளே இன்னும் ஒரு மூலை பாக்கியிருந்தது. தலைவர்கள் நின்றால் ஓடிப்போய் நாற்காலி போடுவது எங்கள் பள்ளியில் வழக்கம்.

நான் போடச் சொல்லவில்லை.